பாலைக்கு இட்ட வேலி

பாலைநிலத்தைப் பயனற்றது என்று கருதுவோர் பலர். நீரின்மையும் வெம்மையும் அவ்வெண்ணத்தை விளைக்கின்றன. ஆயின், பயனற்றதென்று எண்ணப்படும் பொருளே எளிதில் அழிக்கப்படும். அத்தகைய அழிவினின்று ஒரு பாலை காக்கப்பட்ட வரலாறு அறியத்தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில், மொகாவி, கொலராடோ என்னும் இரு பாலைகள் கூடும் இடம் ஒன்று உண்டு. ஆங்கு வளர்வது யோசுவா மரம். கைகளை வானோக்கி உயர்த்தி நிற்பார்போல அதன் கிளைகள் தோன்றும். அது மிக மெல்ல வளர்வது. ஒருவகைச் சிறு அந்துப்பூச்சியே அதன் மலர்களில் மகரந்தத்தைச் சேர்க்கும். அப்பூச்சியின் புழுக்கள் அம்மரத்தின் விதைகளுள் சிலவற்றை உண்டு வளரும். மரமின்றேல் பூச்சியில்லை, பூச்சியின்றேல் விதையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. நகரத்தார் பாலையிற் புகுந்து, கள்ளிகளையும் பிற செடிகளையும் வேரோடு அகழ்ந்து, தம் தோட்டங்களை அழகுசெய்யக் கொண்டு சென்றனர். அதனைத் தடுப்பார் இலர்.

இக்கொடுமை கண்டு வருந்தியவர் மினர்வா ஹாய்ட் அம்மையார். மகனையும் கணவரையும் இழந்து துயருற்ற அவர், பாலையின் அமைதியில் ஆறுதல் கண்டவர். பாஸ்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் பாலைச் செடிகளைக் காட்சிக்கு வைத்து, அவற்றின் அருமையை மக்கள் உணரச் செய்தார். 1930ஆம் ஆண்டில் பாலைகளைக் காத்தற்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர்தம் முயற்சி வீண்போகவில்லை. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட், ஏறத்தாழ 8,25,000 ஏக்கர் பரப்பைத் தேசிய நினைவுச் சின்னம் என அறிவித்தார். அந்நிலத்துச் செடிகளை அகழ்ந்து செல்வது அன்றுமுதல் சட்டத்தால் விலக்கப்பட்டது.

அம்மையார் 1945இல் மறைந்தார். 1950இல், கனிமம் அகழ்வார் பொருட்டு, 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அக்காப்பினின்று நீக்கப்பட்டது. ஆயினும் பாலையைப் போற்றுவார் சோர்ந்திலர். 1994இல் கலிபோர்னியப் பாலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஏறத்தாழ 2,34,000 ஏக்கர் நிலம் சேர்க்கப்பட்டது. நினைவுச் சின்னமும் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

சட்டம் வேலியைப் போன்றது. ஒரு தலைமுறை இட்ட வேலியைப் பின்வரும் தலைமுறை தளர்த்தவும் கூடும், உறுதிசெய்யவும் கூடும். ஆதலின், வேலியிடுதலோடு கடமை முடிவதில்லை. அதனை என்றும் விழிப்புடன் காத்தலும் மக்கள் கடனாகும்.