தாய்க்கும் ஒரு தாய்

நுழையும்முன்
போதைப்பழக்கம் மருத்துவத்தால் மாற்றத்தக்க நோய். அதிலிருந்து மீள முயலும் தாய்க்குக் குடும்பமும் சமூகமும் துணைநிற்கும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம். மலைக்கோட்டையில் கோயில்கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்பது பெயர். பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்த இரத்தினாவதியின் தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தடைப்பட்டார். இறைவனே அத்தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்தார் என்கிறது தலபுராணம். தாயாகும் பெண்ணுக்கும் ஒரு தாய் தேவை என்பதே இக்கதையின் உட்பொருள். போதைநோயோடு போராடும் தாய்க்கு அத்தேவை இன்னும் மிகுதி.

மறைக்கப்படும் நோய்
2019ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வின்படி, இந்திய ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே பெண்ணின் மீது பழிச்சொல் கூடுதலாக விழுகிறது. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்னும் அச்சமும் சேர, அவள் நோயை மறைக்கிறாள், சிகிச்சை தள்ளிப்போகிறது.

மருத்துவம் காட்டும் வழி
கருவுற்ற காலத்தில் அருந்தும் மது கருவையும் சென்றடையும். அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. ஆயினும், கடுமையாக மதுவுக்கு அடிமையானவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு நேரலாம். எனவே மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. பேறுகாலத்துக்குப்பின் உறக்கமின்மையும் மனச்சோர்வும் பழைய பழக்கத்துக்கு இழுக்கக்கூடும். தாயையும் சேயையும் இயன்றவரை ஒன்றாக வைத்திருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது.

சட்டத்தின் காப்பு
2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. மனநல நிறுவனத்தில் சிகிச்சைபெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது அச்சட்டம். குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலையில் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அம்முடிவு 15 நாள்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டும்.

சுற்றத்தாரின் கடமை
இரவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு தாயை உறங்கவிடுதல், மருத்துவமனைக்கு உடன்செல்லுதல், பழையதைச் சொல்லிக்காட்டாதிருத்தல் ஆகியவை எளிய செயல்கள்; ஆனால், மீட்சிக்கு அவையே அடித்தளம். மீண்டும் பழக்கம் தலைகாட்டினால் ஏசாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். குழந்தையின் பாதுகாப்பையும் உறுதிசெய்ய வேண்டும். வெள்ளம் வடியும்வரை தாயின் இடத்தில் நின்று காப்பவர் யாராயினும், அவரும் தாயுமானவரே.

தெரியுமா?
மதுநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் போதை மீட்புச் சிகிச்சைக்கென ஓர் அமைப்பை நிறுவினார். நோயாளியின் குடும்பத்தினருக்கும் அங்குச் சிகிச்சையில் இடமளிக்கப்பட்டது. 1992இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண்: 14446
மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண்: 14416

கற்பவை கற்றபின்
1. ‘போதைநோயாளிக்குத் தேவை தண்டனையா, சிகிச்சையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
2. மீண்டுவரும் தாய்க்கு அண்டை வீட்டார் செய்யத்தக்க உதவிகளைப் பட்டியலிடுக.