சிற்றுருவ ஓவியங்கள்

நிழற்படக் கருவி தோன்றுதற்கு முன்னர், மக்கள் தம் அன்பிற்குரியோரின் முகத்தை எங்ஙனம் போற்றி வைத்தனர்? மன்னரும் செல்வரும் பெயர்பெற்ற ஓவியரை வரவழைத்துத் தம் உருவத்தைப் பெரிய திரைச்சீலைகளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டுவித்துக்கொண்டனர். உழவரும் கொல்லரும் சிறு வணிகரும் என் செய்வர்? நோயால் மாண்ட குழந்தையின் முகமும், பிழைப்பு நாடி மேற்றிசை சென்ற மகனின் முகமும் நாளடைவில் நினைவினின்றும் மங்கிப் போவனவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், இத்தகைய எளிய மக்களுக்கும் உருவ ஓவியம் கிட்டலாயிற்று.

அங்கே ஊர் ஊராகச் சென்று ஓவியம் தீட்டிப் பிழைத்தோர் பலர் இருந்தனர். அவருள் பெரும்பாலோர் கலைக்கூடங்களில் முறையாகப் பயின்றவர் அல்லர். தாள், நீர்வண்ணம், தூரிகை ஆகியவையே அவர்தம் மூலதனம். எண்ணெய் வண்ணம் உலர நாள் பல செல்லும். நீர்வண்ணமோ விரைவில் உலர்ந்துவிடும். ஆதலின், ஓவியர் விரைந்து வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படலாம்.

இவருள் குறிப்பிடத்தக்கவர் ரூபஸ் போர்ட்டர் (1792-1884) என்பார். வீட்டுச் சுவர்களில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டியவரும் இவரே. இவர் அச்சிட்டு வழங்கிய விளம்பரத் தாள் ஒன்று இன்றும் உள்ளது. அதில் கண்ட விலைகள் சுவையானவை. தாளில் கத்தரித்த பக்கத்தோற்றம், இரு படிகள், 20 சென்ட். முழு வண்ணத்தில் தீட்டிய பக்கத்தோற்றம் 2 டாலர். நேர்முகத் தோற்றம் 3 டாலர். யானைத் தந்தத்தில் தீட்டிய சிற்றோவியம் 8 டாலர். விரும்புவோரின் இல்லத்திற்கே வந்து வரைவதாகவும் அறிவித்திருந்தார்.

பக்கத்தோற்றத்திற்கு ஏன் விலை குறைவு? நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியவற்றின் புறக்கோடு சரியாக அமைந்தாலே, இன்னார் என்று கண்டோர் கூறிவிடுவர். நேர்முகத்திலோ, மூக்கு எடுப்பாகத் தோன்ற ஒளியும் நிழலும் காட்டல் வேண்டும். அது கைத்திறன் மிக வேண்டும் பணி. புறக்கோட்டை விரைந்து வரையப் போர்ட்டர் இருட்டுப்பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார். எதிரே அமர்ந்தவரின் உருவம் வில்லையின் வழியே புகுந்து பெட்டியினுள் விழும். அதன்மேல் கோடு இழுத்துக்கொள்வார்.

கனெக்டிகட்டில் பிறந்த ஜேம்ஸ் சான்போர்டு எல்ஸ்வொர்த் என்பவர் மெல்லிய தாளில் உள்ளங்கையளவே வரைந்தார். முகத்தின் பின்னே மேகம் போன்ற ஒரு நிழல் வடிவை இடுவது இவர் வழக்கம். அமர்ந்துள்ள நாற்காலியைப் பார்த்தால் நமக்கு நகைப்பு வரும். அஃது எப்படி நிற்கும் என்பதே விளங்காது. ஆயினும் முகத்தின் சுருக்கங்களையும் அணிந்த சரிகைப் பின்னலையும் இவர் நுணுக்கமாகக் காட்டியுள்ளார். பொய்யழகு சேர்க்காத அந்த நேர்மையே இவ்வோவியங்களின் உயிர் எனலாம்.

1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் டாகேர் என்பாரின் நிழற்பட முறை வெளியிடப்பட்டது. போர்ட்டர் கையாண்ட அதே இருட்டுப்பெட்டியில், தாளுக்கு மாறாக வெள்ளி பூசிய செப்புத் தகடு வைக்கப்பட்டது; உருவம் தானே அதில் பதிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஊர்சுற்றும் ஓவியரின் தொழில் பெரிதும் நலிந்தது. போர்ட்டர் அதற்கு முன்னரே வேறு துறை புகுந்து, 1845-இல் ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எல்ஸ்வொர்த்தோ ஏழையர் விடுதியில் உயிர் நீத்தார்.

எஞ்சிய ஓவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. பலவற்றில், வரையப்பட்டவரின் பெயர் இல்லை. 1832 முதல் 1837 வரை வரைந்த ஜோசப் எச். டேவிஸ் என்பவரோ, மேசையின் இருபுறமும் எதிரெதிரே அமர்ந்த கணவன் மனைவியரைத் தீட்டி, அடியில் அவர்தம் பெயரையும் வயதையும் அழகிய எழுத்தில் பொறித்தார். ஓர் ஓவியத்தில், தாம் இடக்கை ஓவியர் என்பதையும் அவரே எழுதி வைத்துள்ளார்.