திருப்பூர்ப் பின்னலாடையும் உலகச் சந்தையும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருப்பூர், இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு வகிக்கும் நகரம். இங்கு ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. நூலைத் துணியாகப் பின்னுவது ஓரிடம். சாயம் ஏற்றுவது வேறோரிடம். வெட்டித் தைப்பது மற்றோரிடம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சிறு நிறுவனங்கள் உண்டு. ஆதலால் சிறு முதல் உடையவரும் இத்தொழிலில் இறங்க முடிகின்றது. வெளிநாட்டு வணிகர் கேட்கும் புதிய வடிவத்தை விரைந்து செய்து தரவும் முடிகின்றது. திருப்பூரின் போட்டித்திறன் பெரிதும் இதில்தான் உள்ளது.

ஆயினும் விலை முழுவதும் உற்பத்தியாளர் கையில் இல்லை. விலை பேசி முடித்துச் சில மாதங்கள் கழித்தே ஆடைகள் கப்பல் ஏறும். அதற்குள் பஞ்சு விலை ஏறினால் இழப்பு அவருக்கே. 2022இல் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சின் விலை ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்தது. நூல் விலை உயர்வை எதிர்த்து அவ்வாண்டு மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா, இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 விழுக்காடே. 100 டாலர் மதிப்புள்ள ஆடைக்கு 30 டாலர் வேறுபாடு! தையல் எத்துணை நேர்த்தியாக இருப்பினும் அவ்வேறுபாட்டை ஊசியால் ஈடுகட்ட இயலாது. வரியைச் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளரே. ஆனால் அவர் விலையைக் குறைக்குமாறு கேட்பார், அல்லது வேறு நாட்டை நாடுவார்.

உங்கள் பெற்றோர் பணிக்காகத் தமிழகத்திலிருந்து இங்கு வந்ததுபோல, பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து திருப்பூருக்குச் சென்று உழைப்போர் பலர். உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு, வேலை குறையும் நாளிலேயே வருமானமும் குறையும்.

இந்நகர் முன்பும் ஒரு நெருக்கடியைக் கண்டதுண்டு. சாயக்கழிவால் நொய்யல் மாசடைந்ததால், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அவை மாற நேர்ந்தது. செலவு மிகுந்தது, ஆனால் இன்று வெளிநாட்டு வணிகர் பலர், விலையோடு தண்ணீர்க் கணக்கையும் கேட்கின்றனர்.

சொற்பொருள்
விழுக்காடு – சதவீதம்
உருப்படி – எண்ணிக் கணக்கிடும் பொருள்
ஈடுகட்டுதல் – குறையை நிரப்புதல்

வினாக்கள்
1. வரியைச் செலுத்துபவர் இறக்குமதியாளர் எனில், திருப்பூர் நிறுவனம் பாதிக்கப்படுவது ஏன்?
2. நீங்கள் வாழும் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.