மலைநகரப் பூங்காக்களைப் பொறுப்பேற்கும் தம்பிக்கு



கோடைக்கானல் நகராட்சியில் உதவிப் பொறியாளனாகச் சேர்ந்திருக்கும் உன்னிடம், சாலை, குடிநீர், தெருவிளக்கு என்ற பெரிய காரியங்களோடு பூங்காக்கள், நடைபாதைகள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றின் மேற்பார்வையையும் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். அதை உன் சகாக்கள் ஒரு உபரிச் சுமையாகவே கருதுவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் அன்றைக்கே ஜனங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். ஊஞ்சல் அறுந்து தொங்கினாலோ எந்தக் குழந்தையும் மனு எழுதிக்கொண்டு வருவதில்லை. அதனாலேயே இந்த வேலைக்கு யாரும் கேட்காமலே வேலை செய்யும் மனோபாவம் முதன்மையாக வேண்டியிருக்கிறது. சமவெளி நகராட்சிகள் சிலவற்றில் இதே பொறுப்பிலேயே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களை உனக்கு எழுதுகிறேன்.

நீ போயிருக்கும் ஊரின் சரித்திரமே ஒருவகையில் பொது இடங்களின் சரித்திரம்தான். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளை மறித்து ஊரின் ஏரியை உண்டாக்கினார். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்பையொட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதையை வகுத்தார். 1908-இல் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி ஏரிக்கு அருகில் ஒரு பூங்காவுக்குத் திட்டமிட்டார். இம்மூவரின் பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் அந்தப் பாதையின் ஓரச்சுவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடிந்தபோதெல்லாம் கல்லடுக்கியவர்கள், ஏரியின் மதகைத் தலைமுறை தலைமுறையாகத் திறந்து மூடியவர்கள், உறைபனி விழும் தை மாதத்து விடியலில் நாற்றுகளுக்கு மூடாக்குப் போட்டவர்கள் ஆகிய ஆயிரம் பேரின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நீ காணமாட்டாய். உண்டாக்கியவர் மூவர் என்றால், இன்றைக்கும் அவை இருப்பதற்குக் காரணமானவர்கள் இந்த ஆயிரம் பேர். நீ இரண்டாவது வரிசையைச் சேர்ந்தவன் என்பதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள். உன் காலத்தில் புதிதாக ஒன்றும் திறக்கப்படாமல் போனாலும் உன் உத்தியோகம் குறைபட்டுவிடாது.

எது உன்னுடையது, எது உன்னுடையதல்ல என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள். பிரையன்ட் பூங்கா தோட்டக்கலைத் துறையின் வசம் இருக்கிறது. தூண்பாறையும் பைன் காடும் வனத்துறையினுடையவை. கோக்கர் நடைபாதையும், வார்டுகளுக்குள் கிடக்கும் சின்னஞ்சிறு பூங்காக்களும் மைதானங்களும் நகராட்சியின் பொறுப்பு. வந்து போகும் பிரயாணிக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமுமில்லை. குப்பைத்தொட்டி எந்தத் துறையின் எல்லைக்குள் நிரம்பி வழிந்தாலும் அவன் கண்ணுக்கு ஊர்தான் அசுத்தமாகத் தெரிகிறது. ஆகையால் தோட்டக்கலை அலுவலரோடும் ரேஞ்சரோடும் கடிதப் போக்குவரத்தால் அல்லாமல் நேர்ப்பழக்கத்தால் சிநேகம் வைத்துக்கொள்.

பொறுப்பேற்றதும் எஸ்டிமேட் போட உட்காராதே, நட. ஜீப்பில் அல்ல, காலால் நட. சுமார் ஐந்து கிலோமீட்டர் வரும் ஏரிக்கரைச் சுற்றைக் காலையில் ஒருமுறையும் இருட்டும் நேரத்தில் ஒருமுறையும் சுற்றிப் பார். இரண்டும் வேறு வேறு பாதைகளாக இருக்கும். ஸ்காட்லாந்து தேசத்தவரான பாட்ரிக் கெட்டிஸ் என்ற உயிரியல் பேராசிரியர், நகர அமைப்புக் கலையின் முன்னோடிகளில் ஒருவர், 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்கள் கப்பலோடு வரும் வழியில், சென்னையின்மேல் குண்டு வீசிய அதே எம்டன் கப்பலால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அதற்கும் தளராமல், நண்பர்கள் மறுபடி சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் முதலிய நம்மூர்களைப் பற்றி அறிக்கைகளும் எழுதினார். அவருடைய முறை மிக எளிமையானது: ஊரைத் தெருத்தெருவாக நடந்து, எங்கே ஜனங்கள் இயல்பாகக் கூடுகிறார்கள், எங்கே மரநிழல் ஏற்கெனவே இருக்கிறது, எந்தப் பாழ்மனையைச் சுத்தம் செய்தால் அத்தெருவுக்கே மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று கண்டறிந்த பிறகே வரைபடத்தில் கோடு போடுவது. இடித்துத் தள்ளி அகலத் தெருக்கள் போட வேண்டும் என்று மற்ற அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இருப்பதைக் காப்பாற்றிச் சிறிது சிறிதாகத் திருத்துவதே செலவும் குறைவு, துன்பமும் குறைவு என்று அவர் வாதாடினார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த அபிப்பிராயத்தை மறுக்கத் தக்க காரணம் எதையும் நான் கண்டதில்லை.

நடக்கும்போது எதைப் பார்ப்பது? ஊஞ்சல் ஒன்றை எடுத்துக்கொள். பலகை புதிதாக வர்ணமடித்துப் பளபளவென்று இருக்கும்; அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிடாதே. சங்கிலி மேற்குழாயில் மாட்டியிருக்கும் கொக்கிக்குக் கையைக் கொண்டுபோய், கொக்கியின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார். இரும்பும் இரும்பும் இரவுபகலாக உராயும் அந்த ஓரிடத்தில்தான் கம்பி பாதியாகத் தேய்ந்திருக்கும்; கீழேயிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு குனிந்து ஊஞ்சலின் அடியில் பார்: குழந்தைகளின் கால் தேய்த்துத் தேய்த்து மணல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் குழி விழுந்து, அஸ்திவாரக் கான்கிரீட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை விழப்போகும் இடம் சரியாக அதுதான். மணலை இழுத்து நிரப்ப ஓர் ஆளுக்குக் கால்மணி நேரம் போதும். எந்த டெண்டரும் வேண்டாம். இப்படிப்பட்ட கால்மணி நேர வேலைகளை ஒரு நோட்டில் இடம், தேதி சகிதம் எழுதி, முடிந்ததும் கோடு போட்டு அடித்துக்கொண்டே வருவாயானால், வருஷக் கடைசியில் உன் நிர்வாகத்தின் உண்மையான அறிக்கை அந்த நோட்டாகவே இருக்கும்.

அடுத்து நான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பிரதானமானது; இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன். பூங்காவுக்கு வறட்சியைவிடவும் பெரிய சத்துரு, அது காலியாக இருக்கிறதே என்று எண்ணும் மனிதர்களின் பார்வை. மேல்நிலைத் தொட்டிக்கு இடம் தேவையா, ரேஷன் கடைக்கு இடம் தேவையா, சமுதாயக் கூடத்துக்கு இடம் தேவையா, எல்லோருடைய கையும் வரைபடத்தில் பச்சை வர்ணம் தீட்டிய மூலையையே சுட்டிக்காட்டும். நான் பணியாற்றிய ஓர் ஊரில், லேஅவுட்டில் பூங்கா என்று தெளிவாகக் குறித்திருந்த மனையில் முதலில் குழாய்களை இறக்கி வைத்தார்கள். பின்பு குழாய்களுக்குக் காவலாக ஒரு கொட்டகை போட்டார்கள். பின்பு கொட்டகை கட்டடமாயிற்று. பிள்ளைகள் பந்து விளையாடத் தெருவுக்குப் போனார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லமாட்டேன். காலியிடம் என்றால் பயனற்ற இடம் என்ற நம்பிக்கையே அதைச் செய்தது.

இதற்குச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே நம் மாநிலத்தில் 1959-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது; அதை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படி. இன்றைய கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் தானப்பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்த பத்திரம் அலுவலக பீரோவில் இருக்கும்; நிலமோ யார் வசத்திலோ இருக்கும். சர்வேயரை அழைத்துக்கொண்டு போய்ப் புலப்படத்தை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, நகர நில அளவைப் பதிவேட்டில் நகராட்சியின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே செடி நடுவதைப் பற்றி யோசி. வேலியில்லாத பூங்காவைக் காப்பாற்றிவிடலாம். பதிவில்லாத பூங்காவைக் காப்பாற்ற முடியாது.

பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தை நகர வளர்ச்சி அதிகார சபை ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதற்காகத் தனியார் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தபோது, அங்கு குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆஸ்பத்திரியும் ஜனங்களுக்கு உபயோகமானதுதானே என்ற வாதத்தை 1991-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கவுன்சிலில் யாரேனும் நல்ல நோக்கத்தோடு உன் மைதானத்தைக் கேட்டால், கோபப்படாமல் இந்தத் தீர்ப்பின் பிரதியை மரியாதையுடன் மேஜையில் வை. நல்ல நோக்கத்தோடு கேட்பவர்களை மறுப்பதுதான் கஷ்டம்; அதற்காகவே அந்தத் தீர்ப்பை உனக்கு நினைவூட்டினேன்.

வெளியாருக்குக் கொடுக்காமல் காப்பதோடு, நாமே இடத்தை அடைத்துவிடாமலும் காக்க வேண்டும். மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த அம்ருத் திட்டத்தில் நிதியின் இரண்டரை சதவிகிதம் வரை பசுமைவெளிகளுக்குச் செலவிட இடம் வைத்தார்கள். எத்தனையோ ஊர்களுக்கு அதனால் பூங்கா வந்தது. அது நல்ல காரியமே. ஆனால் கட்டுவதற்கு வரும் பணம் பராமரிப்புக்கு வருவதில்லை. செயற்கை நீரூற்று ஒன்று திறப்பு விழா நாளில் ஆடும். மோட்டார் பழுதானதும் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். எட்டு வடிவ நடைபாதையை எதிர்க்கிறவனல்ல நான். வயதானவர்கள் அதில் விருப்பத்தோடு நடக்கிறார்கள். ஆனால் அதைப் போடுவதற்கென்று இருக்கும் ஒரே திறந்த புல்வெளியைப் பேவர் பிளாக்கால் மூடாதே. மரத்தின் அடியைச் சுற்றிச் சிமெண்டுப் பட்டை கட்டாதே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லியின் மரங்களுக்கு அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விடும்படி உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை உன் ஒப்பந்தக்காரர்களுக்கும் நிபந்தனையாக எழுதிவிடு. எதைப் புதிதாக வைக்கச் சொன்னாலும், அதைத் துடைப்பவர் யார், எண்ணெய் போடுபவர் யார், ஐந்தாம் வருஷம் அதற்குப் பணம் எந்தக் கணக்கில் என்ற மூன்று கேள்விகளையும் கோப்பிலேயே எழுதிக் கேள்.

உன் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மே மாதத்து மலர்க் காட்சிக்கு வரும் கூட்டத்தைக் கண்டு, ஊரே அவர்களுக்காக இருப்பதாக நிர்வாகம் எண்ணத் தொடங்கிவிடும். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வாகனங்களுக்கு இ-பாஸ் வாங்கித்தான் மலையேற வேண்டும் என்று ஆகியிருப்பதே அந்தக் கூட்டத்தின் பாரத்துக்குச் சாட்சி. விருந்தாளியை உபசரிக்கத்தான் வேண்டும். ஆனால் மழை கொட்டும் ஐப்பசியிலும் குளிர் நடுக்கும் மார்கழியிலும் அங்கேயே இருக்கிறவர்கள், பள்ளி விட்டதும் பந்தோடு ஓடிவரும் பிள்ளைகளும், வேலை முடிந்து பத்து நிமிஷம் உட்கார ஒரு பெஞ்சு தேடும் பெண்களும்தான். பிரயாணிகள் எட்டிப் பார்க்காத வார்டு மைதானத்தில் ஒரு விளக்கும், பூட்டுத் தொங்காத ஒரு கழிப்பறையும், குடிக்கத் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதைக் கொண்டு நான் உன்னை மதிப்பேன். ஏரிக்கரையில் எத்தனை வர்ண விளக்குகள் எரிகின்றன என்பதைக் கொண்டல்ல.

தோட்ட வேலையாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிக்கு வருகிறவர்கள்; ஒப்பந்தக்காரர் மாறுவார், ஆட்கள் மாறமாட்டார்கள். கூலி மாதாமாதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று விசாரித்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடு. எந்தச் சரிவில் முதலில் பனி விழும், எந்த வழியாகக் காட்டுமாடுகள் விடியற்காலையில் ஊருக்குள் இறங்கும், எந்த வாய்க்கால் சருகால் அடைபடும் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை; அவர்கள் நினைவில் இருக்கிறது. பெயர் சொல்லி, வயதில் மூத்தவரானால் அண்ணன் அக்கா என்று மரியாதையோடு கூப்பிட்டுக் கேள், சொல்வார்கள்.

செடிகளின் விஷயத்தில் உனக்கு ஓர் ஆசையை மட்டும் தெரிவிக்கிறேன். வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் அந்த மலையின் புல்வெளிகளை எவ்வளவு தூரம் விழுங்கிவிட்டன என்பதை நீயே பார்ப்பாய். காட்டை மீட்பது வனத்துறையின் வேலை. ஆனால் உன் வசமுள்ள சரிவுகளில் சீசன் பூச்செடிகளை வருஷத்துக்கு வருஷம் பிடுங்கி நடுவதற்குப் பதிலாக, ஒரு பகுதியிலாவது சோலைக்காட்டு மரக்கன்றுகளையும் குறிஞ்சியையும் வளரவிடு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அந்தக் குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த முறை 2030. அதுவரை அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் வெறும் புதர் என்றே சொல்வார்கள், வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்லி மனுவும் வரும். உனக்கு அதற்குள் மாற்றல் வந்துவிடக்கூடும். ஆகையால் எந்தச் சரிவில் எதற்காக அதை விட்டிருக்கிறாய் என்பதை வரைபடத்தோடு எழுதி, உனக்குப் பின் வருகிறவரின் கையில் நேரில் கொடுத்துவிட்டுப் போ.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கோக்கர் நடைபாதையின் தாங்குசுவரைப் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுவரின் நீர்த்துவாரங்களில் மண்ணும் வேரும் பிளாஸ்டிக் உறைகளும் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடச் சொல். நீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கித்தான் சுவர் பிதுங்குகிறது. எங்காவது கல் வரிசை முன்னே தள்ளியிருந்தால், அந்தப் பகுதிக்குக் கயிறு கட்டிவிட்டு அன்றைக்கே ஆணையருக்கு எழுது. கார்த்திகைக்குப் பிறகு நானே அங்கு வருவதாக இருக்கிறேன். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
முன்னாள் பூங்கா மேற்பார்வையாளன்