எழுத்து மாறிய மடல்

கடல் கடந்து வாணிகம் செய்த செட்டிநாட்டு நகரத்தார், இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காரைக்குடியிலுள்ள தம் வீட்டாருக்கு மடல் எழுதுவர். கப்பல் பல நாள் அலையில் மிதந்து வந்து கரைசேரும். மடலின் தாள் நனைந்திருக்கலாம், மை மங்கியிருக்கலாம். ஆயினும், அங்கே எழுதிய அகரம் இங்கே அகரமாகவே வந்து சேர்ந்தது. 1990-களில் மின்னஞ்சல் வந்தது. மடல் நொடியில் வந்தது, எழுத்துத்தான் வரவில்லை! இவ்விந்தை நிகழ்ந்தவாறு யாங்ஙனம் என்பதைக் காண்போம்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். மின்னஞ்சலை ஒரு கணினியினின்று மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் விதிகளை 1982-இல் அமெரிக்க அறிஞர் ஜான் பாஸ்டல் வகுத்தளித்தார். அவ்விதிப்படி ஓர் எழுத்துக்கு ஏழு பிட் இடமே உண்டு. ஏழு பிட்டில் அடங்குவன 128 குறிகள். ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அவை போதும். தமிழுக்கு அங்கே இடமில்லை.

இந்நிலையில் தமிழ் ஆர்வலர் எட்டாம் பிட்டை நாடினர். அதனைச் சேர்த்தால் 128 முதல் 255 வரை மேலும் 128 இடங்கள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்துகளும் அதில் அடங்கா. ஆகவே உயிர்மெய்க் குறிகளைத் தனியே பிரித்து வைத்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை எழுத்துருவும் அக்காலத்தே பெரும்பயன் விளைத்தன. பின்னர், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தனர்.

இடையூறு வழியில் இருந்தது. பழைய அஞ்சல் வழங்கிகள் சில, ஏழு பிட்டுக்கு மேற்பட்டதை ஏற்காமல் எட்டாவதை வெட்டிவிட்டன. அதன் மதிப்பு 128. திஸ்கியில் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு 190, 193, 162, 250 என்பன எண்கள். ஒவ்வொன்றிலும் 128-ஐக் கழித்துப் பாருங்கள். 62, 65, 34, 122 எஞ்சும். அவை முறையே பெரிது என்னும் கணிதக் குறி, ஆங்கிலப் பெரிய ஏ, மேற்கோட்குறி, சிறிய இசட் ஆகியவற்றின் எண்கள்! பினாங்கில் பேரன் ‘தமிழ்’ என எழுத, காரைக்குடியில் பாட்டனார் கணக்குக் குறிகளைக் காண்பார். வெட்டுண்ட பிட்டை மீட்க எளிய வழியில்லை.

வழங்கி வெட்டாது விடுத்தாலும், படிப்பவரின் அஞ்சல் செயலி குறியேற்றத்தை அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடில் அது மேலை ஐரோப்பிய எழுத்தாகக் காட்டும். அப்போது 190 என்பது முக்கால் என்னும் பின்னக் குறியாகும். நம் தகரம் முக்காலாயிற்று! 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என வேறிரு குறியேற்றங்களை ஏற்றது. திஸ்கிக்காரர் மடலை டாப்காரர் படிக்க மாற்றி தேவைப்பட்டது. இதற்கு மட்டும் அயலாரைக் குறை கூற இயலாது.

தீர்வு படிப்படியாகவே வந்தது. 1992-இல் வந்த ‘மைம்’ என்னும் விதி, மடலின் தலைப்பிலேயே அதன் குறியேற்றத்தைச் சொல்லச் செய்தது. எட்டு பிட் எண்களை ஏழு பிட் எழுத்துகளாக மாற்றிக் கட்டியனுப்பவும் வகை செய்தது. 1993-இல் வகுத்த முறைப்படி, செயலி முதலில் வணக்கம் கூறும். வழங்கி தான் எவற்றை ஏற்கவல்லது எனப் பட்டியலிட்டு விடையிறுக்கும். எட்டு பிட் அதில் இல்லையெனில் செயலி மடலைக் கட்டியே அனுப்பும். 1991-இலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோடு பரவியபின் குறியேற்றப் பூசலும் தணிந்தது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. யூனிகோட்டில் ‘தமிழ்’ ஐந்து குறிகள். ஒரு குறிக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட். அதனைக் கட்டினால் இருபது ஆங்கிலக் குறிகளாகும். வழியில் எந்த வழங்கியும் அதனைச் சிதைப்பதில்லை; சென்றடைந்த இடத்தில் செயலி அவிழ்த்துத் தமிழாக்கித் தரும்.

மடலின் உள்ளுறை இவ்வாறு தமிழாயிற்று. முகவரியோ நெடுநாள் ஆங்கிலமாகவே நின்றது. முகவரியையும் தமிழில் எழுதுதற்குரிய விதி 2012-இல் வெளிவந்தது. ஆயினும், அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கி, இருவர் செயலிகள் ஆகிய அனைத்தும் அவ்விதியை ஏற்றிருத்தல் வேண்டும். மேற்சொன்ன வணக்கத்தின்போது வழங்கியின் பட்டியலில் அஃது இல்லையெனில், தமிழ் முகவரியிட்ட மடல் எழுதியவரிடமே திரும்பிவிடும்.