இதயத்தில் படியும் இரும்பு

மின்தேக்கியின் மின்னிறக்கத்தை நம் ஆய்வகத்தில் அளந்து வரைபடம் வரைகிறோம். அதே வளைகோடு ஓர் உயிரையும் காக்க வல்லது.

தலசீமியா நோயாளர்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவர். அதனோடு சேரும் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது இதயத் தசையிலும் படிகிறது. இரத்தச் சோதனை மட்டும் இதை உறுதியாகக் காட்டாது.

காந்த ஒத்ததிர்வுப் படமுறை இங்கே துணைபுரிகிறது. இதயத்தைச் சில மில்லி விநாடி இடைவெளிகளில் பொதுவாக எட்டு முறை படமெடுப்பர். கணிப்பொறியில் இதய இடைச்சுவரைச் சுற்றி எல்லை வரைந்தால், ஒவ்வொரு படத்திலும் அவ்விடத்துச் சமிக்ஞையின் அளவு கிடைக்கும். அது 37 விழுக்காடாகக் குறையும் காலமே ‘டி2 ஸ்டார்’ என்னும் தளர்வு நேரம். இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால் சமிக்ஞை விரைந்து தேய்கிறது. 1.5 டெஸ்லா புலத்தில் இந்நேரம் 20 மில்லி விநாடிக்குக் குறைந்தால் இரும்பு படிந்துள்ளது எனலாம். 10க்கும் குறைந்தால் பேராபத்து. 2001இல் இலண்டன் ஆய்வாளர்கள் இம்முறையை வெளியிட்டனர்.

ஒன்றை மறத்தலாகாது. இரும்பு மிகுந்த இதயத்தின் கடைசிப் படங்களில் இரைச்சலே எஞ்சும். அப்புள்ளிகளையும் சேர்த்து வளைகோடு பொருத்தினால் நேரம் பொய்யாக நீண்டு, நோய் மறைந்துவிடும். இரும்பகற்றும் மருந்தும் தாமதமாகும்.

நண்பர்களே, ஆய்வகத்தில் தவறான புள்ளிக்கு நாம் இழப்பது ஒரு மதிப்பெண். அங்கே இழப்பது ஓர் இதயம்!