சாலை விபத்தும் காவலர் அறிக்கையும்

சாலையில் வண்டிகள் மோதிக்கொண்டால் சிறிது நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். சிதறிய கண்ணாடியும் வாரப்பட்டுவிடும். பின்னர் நிகழ்ந்ததை எடுத்துரைக்கப் பெரிதும் துணையாவது காவலர் எழுதிவைத்த ஏடேயாம்.

மாணவர்களே! விபத்தைக் கண்டவரோ உற்றவரோ காவல் நிலையத்தில் கூறும் செய்தி முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகின்றது. வாய்மொழியாகக் கூறின், அதனை எழுதிப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும். துயர மிகுதியால், எழுதியது யாதெனக் கேளாமலே கைந்நாட்டு இடுவோரும் உளர். கிழக்கே சென்ற வண்டி மேற்கே சென்றதாக எழுதப்பட்டுவிடின், பழி யார்மேற் சாரும்?

அடுத்துக் காவலர் நிகழிடம் சென்று பார்வை மகஜர் எழுதுவர். மகஜர் என்பது அயற்சொல்லே. எனினும் காவல் நிலையங்களில் அதுவே வேரூன்றிவிட்டது. சாலையின் அகலம், வண்டிகள் கிடந்த நிலை, சக்கரம் இழுபட்ட தடம் ஆகியவற்றை அளந்து வரைபடமும் வரைவர். பிரேக்கு பழுதுற்றிருந்ததா என்பதை மோட்டார் வாகன ஆய்வாளர் ஆராய்ந்து எழுதுவார்.

2022இல் நடப்பிற்கு வந்த விதிகளின்படி, 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைச் சேர்தல் வேண்டும். பொருளீட்டிக் காத்த தந்தையை இழந்த குடும்பம் பெறும் தொகை இவ்வேடுகளையே பெரிதும் சார்ந்தது.

தகவல் கொடுத்தவர்க்கு முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தருதல் சட்டத்தின் கட்டளை. மறைத்தற்குரிய சிலவற்றை ஒழித்து, ஏனைய அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்றுமாறு உச்ச நீதிமன்றமும் 2016இல் ஆணையிட்டது. ஆகலின் நிலையத்திற் படி பெறாதவர் அங்கே தேடிப் பெறலாம்.